ஒற்றைக் கோடும் இரண்டு விலகல்களும்

திருமயத்தில் எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவி ஒருநாள் இரவு படம் காட்டுவதை நிறுத்திவிட்டு, திரையின் நடுவில் இடமிருந்து வலமாக ஒரே ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டது. கொடைக்கானல் கோபுரத்து தூர்தர்ஷனுக்காக மொட்டைமாடியில் மேற்கே பார்த்து நின்ற ஆன்டெனாவைக் குரங்கு ஆட்டிவிட்டது என்று அப்பா மாடிக்கு ஓடினார். ஆனால் ஒலி மட்டும் பிசிறில்லாமல் வந்துகொண்டிருந்தது. மறுநாள் வந்த மெக்கானிக் பெட்டியைத் திறக்கும் முன்பே பிரைட்னஸ் திருகைக் குறைத்தார். "வெர்டிகல் போயிருச்சுங்கய்யா. இப்படியே ஓடவிட்டீங்கன்னா டியூப்ல கோடு வெந்துரும்" என்றார்.

அவர் சொன்னதில் இயற்பியல் முழுசாக இருந்தது. பிக்சர் டியூபின் கழுத்திலிருந்து புறப்படும் எலக்ட்ரான் கற்றை ஒன்றே ஒன்றுதான். அதைத் திரை முழுக்க இழுத்துத் தடவுவது கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் என்ற கம்பிச்சுருள். யோக்கில் இரண்டு சோடிச் சுருள்கள்: ஒன்று கற்றையை இடவலமாக நொடிக்கு 15,625 தடவை இழுக்கும், மற்றது மேலிருந்து கீழாக நொடிக்கு 50 தடவை. இரண்டாவதற்கு மின்னோட்டம் நின்றுபோனால் கற்றை ஒரே வரியில் ஓடிக்கொண்டிருக்கும். திரை முழுக்கப் பரவ வேண்டிய அடி அத்தனையும் ஒரு கோட்டில் விழும். ஒளிர்பூச்சு வெந்துபோகும். முதல் சோடி செத்தால் நெட்டுக்கோடு வர வேண்டுமே என்று பின்னொரு நாள் அவரிடம் கேட்டேன். "அது வராது தம்பி. லைன் செக்‌ஷன் போனா ஹைவோல்டேஜும் சேந்து போயிரும். டப்பா இருட்டாயிரும்" என்றார். கற்றையைத் துரத்தும் ஆயிரக்கணக்கான வோல்ட்டும் அந்தச் சுற்றிலிருந்தே பிறக்கிறது என்பது எனக்குப் புரியப் பல வருடம் ஆனது.

கேத்தோடு கதிர் என்ற இந்த எலக்ட்ரான் கற்றை காந்தத்துக்கு வளையும் என்பது ப்ளஸ் டூ மாணவர் எல்லோருக்கும் தெரியும். ஜெ.ஜெ. தாம்சன் சோதனையின் படத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். அந்தப் படத்தில் ஏன் மின்தகடும் காந்தமும் இரண்டும் இருக்கின்றன, ஒன்று போதாதா என்ற கேள்வியை மட்டும் எந்த வினாத்தாளிலும் நான் பார்த்ததில்லை. என் பார்வையில் இந்தப் பொருளின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு விலகலைப் பார்த்தவுடன் வளைவது இன்னதென்று சொல்லிவிட முடியாது. வேறு விதியில் நடக்கும் இன்னொரு விலகலை அதன் பக்கத்தில் வைத்தால்தான் வாய் திறக்கும். கேத்தோடு கதிரின் வரலாற்றையும், டிவி, மின் அலையை வரைந்து காட்டும் சிஆர்ஓ ஆகியவற்றின் அமைப்பையும், நம் தலைக்கு மேல் நடக்கும் சில காரியங்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிடலாம்.

1858இல் பான் நகரத்தில் யூலியுஸ் புளூக்கர், கண்ணாடி ஊதுவதில் கைதேர்ந்த கைஸ்லர் செய்து கொடுத்த வெற்றிடக் குழாய்களின் அருகே காந்தத்தைக் கொண்டுபோனபோது பச்சை ஒளிர்வு இடம் மாறுவதைக் கண்டார். அவர் மாணவர் ஹிட்டார்ஃப் 1869இல் குழாய்க்குள் பொருளை வைத்து நிழல் விழவைத்தார். நிழல் விழுகிறது என்றால் ஏதோ நேர்க்கோட்டில் வருகிறது. கோல்ட்ஸ்டைன் 1876இல் அதற்குக் கேத்தோடு கதிர் என்று பெயர் வைத்தார். லண்டன்காரர் வில்லியம் குரூக்ஸ் 1879இல் சிலுவை வடிவத் தகட்டின் நிழலையும், காந்தத்துக்கு வளையும் ஒளிக்கோட்டையும் சபை நடுவே காட்டி, இவை மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள், பொருளின் நான்காம் நிலை என்று முழங்கினார். சின்னச் சக்கரம் ஒன்றைக் கதிர் உருட்டிக்கொண்டு போவதையும் காட்டினார். மோதி உருட்டுகிறது என்றே பார்த்தவர்கள் நம்பினார்கள். உண்மையில் அது சூடேறிய இதழ்களின் வேலை, கதிரின் உந்தத்துக்கு அவ்வளவு வலு கிடையாது என்று பின்னாளில் தாம்சனே கணக்குப் போட்டுக் காட்டினார். கண்ணால் கண்டதும் பொய் என்பதற்கு இயற்பியலில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஜெர்மானியர்கள் ஒப்பவில்லை. அவர்களுக்குக் கதிர் என்பது ஈதரில் ஓடும் ஒருவகை அலை. காந்தத்துக்கு வளைகிறதே என்று கேட்டால், காந்தம் ஒளியின் முனைவாக்கத் தளத்தையே சுழற்றும் என்று ஃபாரடே காட்டியிருக்கும்போது இந்த அலையை வளைப்பதில் என்ன அதிசயம் என்றார்கள். வறட்டு வாதம் என்று தள்ள முடியாது. காந்த விலகல் ஒன்று மட்டும் கையில் இருந்த காலத்தில் அது நியாயமான பதில்தான்.

அப்படியானால் மின்புலத்தில் வளைகிறதா என்று பார்ப்பதுதானே முறை? 1883இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் பார்த்தார். இரண்டு தகடுகளுக்கு நடுவே கதிரைச் செலுத்தி மின்னழுத்தம் கொடுத்தார். கதிர் அசையவில்லை. மின்னூட்டம் இருந்தால் அசைந்தே தீர வேண்டும், அசையவில்லை, ஆகவே மின்னூட்டம் இல்லை, ஆகவே துகள் இல்லை. தர்க்கத்தில் ஓட்டை கிடையாது. ஓட்டை குழாயில் இருந்தது. அன்றைய பம்புகளால் எடுக்க முடியாமல் மிஞ்சிய காற்றைக் கதிரே அயனிகளாக உடைத்தது. அந்த அயனிகள் தகடுகளில் ஒட்டி, கொடுத்த மின்புலத்தை நடுவெளியில் இல்லாமல் செய்துவிட்டன. ஹெர்ட்ஸ் புலம் போட்டதாக நினைத்த இடத்தில் புலமே இல்லை. ரேடியோ அலையைக் கண்டுபிடித்த அந்த மேதை 36 வயதில், 1894 புத்தாண்டு அன்று இறந்துபோனார். தன் 'விலகல் இல்லை' என்ற முடிவு கவிழ்ந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை. அவருடைய உதவியாளர் லெனார்ட் கதிரை மெல்லிய அலுமினியத் தாள் வழியாக வெளியே எடுத்துக்காட்டியதும் அலைக் கட்சிக்குத் தெம்பு கூடியது. தகட்டைத் துளைத்துக்கொண்டு மூலக்கூறு போகுமா என்ன?

எங்கள் ஊர்க் குன்றில் சத்தியகிரீஸ்வரரும் சத்தியமூர்த்திப் பெருமாளும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடியிருக்கிறார்கள். இரண்டு கோயில்களுக்கும் நெடுநாள் இருந்த வழக்கை 13ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி ஒருவர் பேசித் தீர்த்ததைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அலைக் கட்சிக்கும் துகள் கட்சிக்கும் அப்படி ஒரு நடுவர் உடனே கிடைக்கவில்லை.

1895இல் பாரிஸில் ஜான் பெரின், கதிர் விழும் உலோகக் குவளையில் எதிர் மின்னூட்டம் சேர்வதைக் காட்டினார். மின்னூட்டம் கதிரோடு சேர்ந்து வருகிற உபரி, கதிர் வேறு என்று எதிர்த்தரப்பு தப்பித்துக்கொண்டது. கேம்பிரிட்ஜில் தாம்சன் அந்தச் சந்தைக் காந்தத்தால் அடைத்தார். குவளையைக் கதிரின் நேர்வழியிலிருந்து ஒதுக்கி வைத்தார். கதிர் நேரே போகும்வரை குவளையில் மின்னூட்டம் இல்லை. காந்தத்தால் வளைத்துக் குவளையின் வாய்க்குள் விழச் செய்ததும் மளமளவென்று ஏறியது. ஒளிர்வு எங்கே போகிறதோ அங்கேதான் மின்னூட்டமும் போகிறது.

அடுத்ததாக ஹெர்ட்ஸின் குழாய்க்கு வந்தார். முதலில் தாம்சனுக்கும் நிலையான விலகல் கிடைக்கவில்லை. காற்றை இன்னும் நன்றாக உறிஞ்சியபின் கிடைத்தது. ஏறக்குறைய 5 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம் உள்ள அலுமினியத் தகடுகள் இரண்டு, இடைவெளி 1.5 செ.மீ. வெறும் 2 வோல்ட் கொடுத்தபோதே குழாயின் கடைசியில் ஒட்டியிருந்த அளவுகோலில் பொட்டு நகர்ந்தது தெரிந்தது. கைலாவகம் இல்லாத தாம்சனை உடையும் பொருள் எதன் பக்கமும் ஆய்வகத்தார் விடமாட்டார்கள் என்பார்கள். அந்தக் குழாய்களை ஊதிச் செய்தவர் அவருடைய உதவியாளர் எபனேசர் எவரெட். 1897இல் கிடைத்த முடிவு பாதி எவரெட்டின் கையிலும், மீதியில் பெரும்பகுதி பாதரசப் பம்பிலும் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

சரி, மின்புலத்திலும் வளைந்துவிட்டது. எதிர் மின்னூட்டம் என்பது உறுதி. இப்போது நம் கேள்வி: வளைவது எவ்வளவு கனமானது?

இங்கேதான் மின்விலகல் கையை விரிக்கும். ஒரு துகளை ஆயிரம் வோல்ட்டில் முடுக்கிவிட்டு, பிறகு தகடுகளுக்கு நடுவே நூறு வோல்ட்டில் வளைக்கிறோம் என்று வையுங்கள். மின்னூட்டம் அதிகமானால் பக்கவாட்டு விசை அதிகம். ஆனால் முடுக்கும்போதே வேகமும் கூடியிருக்கும், தகட்டுக்கு நடுவில் தங்கும் நேரம் குறைந்திருக்கும். நிறை அதிகமானால் வளைவது கடினம். ஆனால் அது மெதுவாகவே வரும், தகடு அதை நின்று நிதானமாக இழுக்கும். இரண்டும் நேருக்கு நேர் கழிந்துபோகும். கடைசிக் கணக்கில் மிஞ்சுவது இரண்டு வோல்ட்டேஜ்களும் தகட்டின் அளவுகளும் மட்டுமே. எலக்ட்ரானும், ஹைட்ரஜன் அயனியும், அதைவிடக் கனமான அயனியும் அளவில் ஒரே விலகலையே காட்டும். அளவுகோலில் பொட்டு நகர்ந்த தூரத்தைப் பார்த்து, வந்தது எறும்பா யானையா என்று சொல்ல வழியே இல்லை.

காந்தத்தின் நடத்தை வேறு. அதன் விசை வேகத்தைப் பொறுத்தது. வேகமாகப் போனால் விசையும் கூடும். வளைவின் ஆரம், உந்தத்தை மின்னூட்டத்தாலும் காந்தப்புலத்தாலும் வகுத்தால் கிடைப்பது. ஒரே வோல்ட்டேஜில் முடுக்கிய இரண்டு துகள்களில் கனமானது குறைவாக வளையும், நிறையின் வர்க்கமூல விகிதத்தில். ஆக, ஒரு விலகல் நிறையைக் கண்டுகொள்ளாது, மற்றது கண்டுகொள்ளும். இரண்டையும் ஒரே கற்றைமேல் ஏவினால் நிறை பிடிபடும்.

தாம்சன் செய்தது இதுதான். மின்தகடு ஒரு பக்கம் இழுக்க, காந்தச் சுருள் எதிர்ப்பக்கம் இழுக்க, பொட்டு பழைய இடத்துக்கே திரும்பும்வரை சரிசெய்தார். அந்த நிலையில் மின்புல வலிமையைக் காந்தப்புல வலிமையால் வகுத்தால் கிடைப்பது கதிரின் வேகம். அவர் குழாய்களில் அது ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஈதர் அலை என்றால் ஒளிவேகத்தில் அல்லவா போயிருக்க வேண்டும்? அந்த ஒரு எண்ணே அலைக் கட்சிக்குப் பலத்த அடி. பிறகு காந்தத்தை நிறுத்தி, மின்விலகலை மட்டும் அளந்து, மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டார்.

பாடநூல் சொல்லாத இரண்டு செய்திகள் இதில் உண்டு. ஒன்று, 1897 கட்டுரையில் இந்த முறை இரண்டாவதாகத்தான் வருகிறது. முதல் முறையில் கதிர் கொண்டுவரும் மின்னூட்டத்தையும் அது உண்டாக்கும் வெப்பத்தையும் அளந்து, அவற்றைக் காந்த விலகலோடு சேர்த்தார். இரண்டு, நாம் படம் வரைந்து மதிப்பெண் வாங்கிய முறை அப்படியொன்றும் துல்லியமான விடையைத் தரவில்லை. நிறையை மின்னூட்டத்தால் வகுத்த மதிப்பு இன்றைய மதிப்பைப்போல இரண்டு மடங்குக்குமேல் வந்தது. தகட்டு விளிம்புக்கு வெளியே கசியும் புலங்களும் சுருளின் அளவுகளும் கணக்கைக் கெடுத்தன. அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. ஹைட்ரஜன் அயனியின் மதிப்போடு வித்தியாசம் ஆயிரம் மடங்கு அளவில் இருக்கும்போது, இரண்டு மடங்குப் பிழை எந்தக் கட்சியையும் காப்பாற்றாது. குழாயில் மிஞ்சிய வாயு காற்றாக இருந்தாலும், ஹைட்ரஜனாக இருந்தாலும், கார்பன் டை ஆக்சைடாக இருந்தாலும், மின்வாய் அலுமினியமோ பிளாட்டினமோ, விடை மாறவில்லை என்பதுதான் எனக்கு அந்தக் கட்டுரையின் உச்சம். எல்லாப் பொருளுக்குள்ளும் இருக்கும் ஒரே சரக்கு.

அதே வருடம் கோனிக்ஸ்பெர்க்கில் வீகர்ட்டும், பெர்லினில் காஃப்மனும் இதே விகிதத்தைக் கண்டார்கள். காஃப்மனின் எண் தாம்சனுடையதைவிட நல்ல எண். ஆனாலும் அது ஒரு துகள் என்று அவர் எழுதவில்லை. இவர்களுக்கெல்லாம் முன்பே மான்செஸ்டரில் ஆர்தர் ஷுஸ்டர் காந்த விலகலை வைத்து அந்த விகிதத்துக்கு மேல் எல்லை, கீழ் எல்லை போட்டார். மேல் எல்லை ஹைட்ரஜனைவிட மிக அதிகமாக வந்தது. வாயு மூலக்கூறுகளோடு மோதி வேகம் இழந்திருக்கும் என்று நினைத்து, கீழ் எல்லைப் பக்கமே சாய்ந்துவிட்டார். எண் கையிலிருந்தும் நழுவவிட்டவர் அவர். விகிதம் பெரிதாக வருவதற்கு நிறை சிறிது என்பதுதான் காரணமா, மின்னூட்டம் பெரிது என்பதா என்ற சந்தேகம் தாம்சனுக்கும் இருந்தது. 1899இல் மின்னூட்டத்தைத் தனியாக அளந்த பிறகே அது தீர்ந்தது. இன்றைய மதிப்பு ஒரு கிலோகிராமுக்கு 1.7588 × 10¹¹ கூலும்; எலக்ட்ரான் ஹைட்ரஜன் அணுக்கருவைவிட 1,836 மடங்கு லேசு.

அலைக் கட்சி அடியோடு தோற்றதா என்றால், இல்லை. 1927இல் எலக்ட்ரான் கற்றையை மெல்லிய தாள் வழியாகச் செலுத்தி, அலைகளுக்கே உரிய வளையங்களைப் படம் பிடித்தவர் ஜெ.ஜெ. தாம்சனின் மகன் ஜி.பி. தாம்சன். துகள் என்று காட்டிய தகப்பனுக்கு 1906இல் நோபல், அலை என்று காட்டிய மகனுக்கு 1937இல் நோபல்.

இரண்டு விலகல்களை ஒப்பிடும் உத்தி அதோடு நிற்கவில்லை. காஃப்மன் 1901 முதல் ரேடியத்திலிருந்து வரும் அதிவேக எலக்ட்ரான்கள்மேல் இரண்டு புலங்களையும் ஏவி, வேகம் கூடக் கூட வளைக்கும் பாடு கூடுவதைப் படத்தகட்டில் கோடாகப் பதிவு செய்தார். வேகத்தோடு நிலைமம் எந்தக் கணக்கில் கூடும் என்பதில் தன் அளவுகள் ஐன்ஸ்டைன், லோரன்ட்ஸ் பக்கம் இல்லை என்று 1906இல் அவர் அறிவிக்க, 1908இல் புக்கரர் செய்த அளவு ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்தது. இது ஏதோ ரேடிய விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். 20,000 வோல்ட்டில் ஓடும் டிவி டியூபில் எலக்ட்ரான் ஒளிவேகத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் பறக்கிறது. அதன் நிலைமம் ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதலாகவே நடந்துகொள்ளும். நேர் அயனிகளுக்கு இதே சோதனையைச் செய்த தாம்சன் 1913இல் நியான் வாயுவுக்கு 20, 22 என்று இரண்டு கோடுகளைக் கண்டார். ஐசோடோப்பு ஆராய்ச்சி அங்கே பிள்ளையார் சுழி போட்டது.

இனி வீட்டுக்கு வருவோம். தாம்சன் அளந்த அதே 1897இல் ஃபெர்டினாண்ட் பிரவுன், கதிரைப் பேனாவாகப் பிடித்து மின் அலையை வரையும் குழாயைச் செய்தார். அதன் வாரிசுகள் இரண்டு கிளைகளாகப் பிரிந்தன. ஆய்வகத்து சிஆர்ஓ மின்தகடுகளை வைத்துக்கொண்டது, டிவி காந்தச் சுருளைக் கட்டிக்கொண்டது. தகட்டுக்கு மாற்றம் கொடுத்தால் நொடியின் மிகச் சிறிய கூறிலும் கதிர் பின்தொடரும். சுருள் அவ்வளவு துடியாக இயங்காது. ஆனால் டிவிக்கு வேண்டியது பெரிய திரை, குட்டையான டியூப், நல்ல வெளிச்சம். வெளிச்சத்துக்காக முடுக்கும் வோல்ட்டேஜை நாலு மடங்காக்கினால் மின்விலகல் நாலில் ஒன்றாகிவிடும். காந்த விலகல் பாதியாகத்தான் குறையும். 90 பாகை அகலத்துக்குக் கற்றையை வீச வேண்டும் என்றால் யோக்தான் கட்டுப்படியாகும்.

யோக்கைக் கட்டிக்கொண்டதற்கு டிவி ஒரு தண்டமும் கட்டியது. கேத்தோடிலிருந்து எலக்ட்ரானோடு கொஞ்சம் எதிர் அயனிகளும் புறப்படும். அவை கனம் என்பதால் யோக்குக்கு மசியாது. எல்லாவற்றிலும் லேசான ஹைட்ரஜன் அயனியே எலக்ட்ரான் வளைவதில் 43இல் ஒரு பங்குதான் வளையும். ஆகவே அயனிகள் எல்லாம் திரையின் நடுவிலேயே விழுந்து விழுந்து, ஒளிர்பூச்சைச் சாகடித்துப் பழுப்புப் பொட்டு ஒன்றை உண்டாக்கும். அதற்காகப் பழைய டியூப்களில் துப்பாக்கியைக் கோணலாகப் பொருத்தி, கழுத்தில் சிறு காந்தம் மாட்டினார்கள். காந்தம் எலக்ட்ரானை மட்டும் நேர்வழிக்குத் திருப்பும், அயனி போய்ச் சுவரில் முட்டிக்கொள்ளும். பின்னர் திரையின் உட்புறம் அலுமினியம் பூசும் வழக்கம் வந்ததும் அந்தக் கோணல் தேவையில்லாமல் போனது. மின்தகடு வைத்த டியூபுக்கு இந்த நோய் வராது. அதில் அயனியும் எலக்ட்ரானும் சேர்ந்தே வளைந்து திரை முழுக்கப் பரவிவிடும். தாம்சன் ஏன் இரண்டு புலமும் வைத்தார் என்பதற்கு அந்தப் பழுப்புப் பொட்டைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தப் பாடநூலும் தரவில்லை.

தமிழ்நாட்டில் கேத்தோடு கதிர் உண்மையாக வீடுதோறும் நுழைந்தது 2006க்குப் பிறகு. அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி ஒன்றரைக் கோடிக்குமேல் குடும்பங்களுக்குப் போனது. திருமயம் தெருக்களிலும் குடிசை, காரை வீடு என்ற பேதம் இல்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு விலகல் சோதனை ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத் திரையருகே கொண்டுபோய், முகங்கள் பச்சையாகவும் ஊதாவாகவும் இழுபடுவதைப் பார்த்துச் சிரித்து, பிறகு காந்தத்தை எடுத்தும் கறை போகாமல் அடிவாங்கிய பிள்ளைகள் பலர். கறுப்பு வெள்ளைத் திரையில் காந்தத்தை எடுத்ததும் படம் சரியாகிவிடும். வண்ணத் திரையின் பின்னால் துளையிட்ட இரும்புத் தகடு உண்டு, அது காந்தமாகிவிடுவதால்தான் கறை தங்கியது. அந்த டிவியைப் போட்டதும் கேட்ட 'டம்' என்ற உறுமல், டியூபைச் சுற்றிய காந்தநீக்கச் சுருள் அந்தக் கறையைத் துடைக்கும் சத்தம்.

இந்தக் கறையைப் பூமியும் உண்டாக்கும். பூமியே காந்தம் அல்லவா. தையல் ஊசி ஒன்றைக் காந்தத்தில் தேய்ப்பதற்கு முன்பே அதன் நடுவில் நூல் கட்டி, மட்டமாகத் தொங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காந்தமேற்றித் திருமயம் கோட்டை உச்சியில், பீரங்கி நிற்கும் மேடையிலே காற்றில்லாத நேரமாகப் பார்த்துத் தொங்கவிட்டால், வடக்கு தெற்காக நிற்கும். முனை சில பாகைதான் தாழும், கண்ணுக்குப் படுத்திருப்பதாகவே தெரியும். லண்டனில் அதே ஊசி 66 பாகைக்கு மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும். காந்த நடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிப் போவதால் நம் பக்கத்தில் புவிக்காந்தப் புலம் ஏறக்குறைய முழுக்கக் கிடைமட்டம். அதன் வலிமை சுமார் 40 மைக்ரோ டெஸ்லா.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20,000 வோல்ட் எலக்ட்ரான் அந்தப் புலத்தில் 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் வளையும். டியூபின் நீளம் 30 செ.மீ. என்றால் திரையில் ஏறக்குறைய 4 மி.மீ. விலகல். டிவி கிழக்கே பார்த்திருந்தால் படம் அவ்வளவு கீழே இறங்கும், மேற்கே பார்த்தால் ஏறும், வடக்கோ தெற்கோ பார்த்தால் நடுப்படம் அசையாது. டியூபுக்குள் இருக்கும் இரும்புக் கவசம் இதையும் பெரும்பாலும் குறைத்துவிடும். இங்கே ஒரு யோகம் பாருங்கள். வண்ணத் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் நெட்டுக் கோடுகளாகப் பூசப்பட்டிருக்கும். நம் ஊரில் கற்றை மேலும் கீழும்தான் நகரும் என்பதால் அதே நிறக் கோட்டிலேயே விழும், நிறம் மாறாது. வடக்கு நாடுகளில் புலம் செங்குத்தாக இறங்குவதால் கற்றை பக்கவாட்டில் நகர்ந்து பக்கத்து நிறத்தில் விழுந்துவிடும். டியூப் செய்தவர்கள் வடகோளம், தென்கோளம், நடுக்கோட்டு நாடு என்று தனித்தனியாகச் சரிசெய்து அனுப்பியது இதனால்தான்.

இளங்கலை இயற்பியல் செய்முறையில் இந்தக் கிடைமட்டப் புலத்தை நாங்கள் நேராகவே சந்தித்தோம். மரச்சட்டத்தில் சிறிய சிஆர் டியூபை வடக்கு தெற்காகப் படுக்க வைத்து, கிழக்கு மேற்குக் கைகளில் இரண்டு சட்டக் காந்தங்களை நகர்த்தி, மின்தகடு நகர்த்திய பொட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு டியூபை எடுத்துவிட்டு அதே இடத்தில் காந்த ஊசிப் பெட்டியை வைத்து, ஊசி எத்தனை பாகை திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். அந்தக் கோணத்தின் டேன்ஜென்டைப் புவியின் கிடைமட்டப் புலத்தால் பெருக்கினால் காந்தத்தின் புலம் கிடைத்துவிடும். எலக்ட்ரானை அளக்கும் கோல் இங்கே பூமியேதான். மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்துக்கு எனக்கு விடை 1.1 × 10¹¹ வந்தது. வர வேண்டியது 1.76. மூன்று தடவை செய்தும் அதே 1.1. இரண்டடி தள்ளி நின்ற இரும்பு பீரோதான் ஊசியைத் தன் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்தபோது மணி அடித்துவிட்டது. பக்கத்து மேசைக்காரன் விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவுகளை எழுதி 1.75 காட்டியிருந்தான். அவனுக்கு முழு மதிப்பெண்.

டியூபை விட்டு வெளியே வந்தால், இதே விதி வானத்தில் பெரிய அளவில் நடக்கிறது. டச்சுக்காரர் யாகோப் கிளே 1927இல் ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கப்பலில் போய்வந்தபோது, நடுக்கோட்டை நெருங்க நெருங்க விண்கதிர் குறைவதைக் கண்டார். காமா ஒளியாக இருந்தால் காந்தம் அதைத் தடுக்காது. ஆகவே அதில் மின்னூட்டம் உண்டு. நேரா, எதிரா? 1933இல் மெக்சிகோவில் ஜான்சனும், தனியாக ஆல்வரெஸும் காம்ப்டனும், எரித்ரியாவில் ரோஸியும் கருவியைக் கிழக்கேயும் மேற்கேயும் சாய்த்துப் பார்த்தார்கள். மேற்கிலிருந்துதான் அதிகம் வந்தது. வருவது நேர் மின்னூட்டம். குரூக்ஸ் குழாயருகே காந்தத்தைப் பிடித்து எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்ததற்கும் இதற்கும் அளவில்தான் வித்தியாசம். அந்தப் பத்தாண்டில் மில்லிகன் குழுவினர் காந்த நடுக்கோட்டை ஒட்டிய இடம் தேடி நம் தென்னிந்தியாவுக்கும் வந்து, கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டார்கள்.

தென்னிந்தியாவுக்கு நேர்மேலிருந்து இறங்க வேண்டுமானால் விண்கதிராக வரும் ஒரு புரோட்டானுக்குச் சுமார் 17 கிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். உலகிலேயே மிக உயர்ந்த வாசல்படிகளில் இது ஒன்று. நம் 12 மீட்டர்க் கணக்கையே இதற்கும் போட்டால் ஆரம் சுமார் 1,400 கி.மீ. வரும், திருமயத்திலிருந்து போபால் தூரம். உயரே போகப் போகப் புலம் மெலிவதால் உண்மை ஆரம் இன்னும் பெரிது. ஊட்டியில் டாட்டா ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 நிலையத்தின் மியூவான் கருவி 2015 ஜூன் 22 அன்று விண்கதிர் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான்களை இரண்டு மணி நேரம் வழக்கத்துக்குமேல் கண்டது. சூரியப் புயல் அடித்துப் பூமியின் காந்தக் கவசம் தற்காலிகமாக நலிந்து, வாசல்படி கொஞ்சம் தாழ்ந்துவிட்டது என்று 2016இல் அதன் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். மதுரையில் 85 டன் இரும்பைக் காந்தமாக்கி அடுக்கிய கருவியும், தன்னூடே போகும் மியூவான் எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்தே அதன் மின்னூட்டத்தைச் சொல்கிறது.

எனக்கு இவை எல்லாவற்றிலும் வியப்பானது, நூற்றுச் சொச்சம் கி.மீ. உயரத்தில் பகல்தோறும் ஓடும் நடுக்கோட்டு மின்தாரை. அங்கே புவிக்காந்தப் புலம் வடக்கே பார்த்துப் படுத்திருக்கிறது. பகலில் செங்குத்தாக ஒரு மின்புலம் எழுகிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு புலங்கள், அதாவது தாம்சனின் குழாயேதான், கண்ணாடி மட்டும் இல்லை. அயனிகள் காற்று மூலக்கூறுகளில் முட்டி நின்றுவிட, எலக்ட்ரான்கள் மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் வரும் அதே வேகத்தில் மேற்கே நகர்கின்றன. குழாயில் நொடிக்குப் பல ஆயிரம் கி.மீ. வந்த அந்த ஈவு, இங்கே சில நூறு மீட்டர்தான். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதற்குக் காரணமே இந்தக் காந்த நடுக்கோடுதான். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. திருமயத்தின் அதே அட்சரேகையில் இருக்கும் கொடைக்கானல் வானாய்வகத்தின் காந்தப் பதிவுகளிலும் உச்சிவேளையில் புலம் மேடேறி, சாயங்காலம் இறங்குவது தெரியும்.

எங்கள் வீட்டு டிவியை அந்த மெக்கானிக் அன்று ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். வெர்டிகல் ஐசியை மாற்றி, காலில் ஈயம் வைத்து, பிரைட்னஸை மெல்ல ஏற்றினார். கோடு நடுவிலிருந்து மேலும் கீழும் விரிந்து பாயாகி, படம் வந்தது. கோடு நின்ற இடத்தில் மட்டும் மங்கலான ஒரு தழும்பு தங்கிவிட்டது. அப்பா அந்தப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போடும்வரை, செய்தி வாசிப்பவர்களின் கழுத்துக்குக் குறுக்கே அது தெரிந்துகொண்டேயிருந்தது.